இருபத்தாறாவது அமைச்சரின் முதல் குண்டு

ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் அப்படி என்னதான் வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், அந்த அமைச்சகத்தின் பெயின்டர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். பதவியேற்ற மறுநாள் காலை ஆற்றங்கரைக்கு வருவார், பேசுவார், பீரங்கியின் கயிற்றை ஒருமுறை இழுப்பார், போவார். மற்ற நாட்களில் என்ன செய்கிறார் என்பது பெயின்டருக்குத் தெரியாது. அமைச்சர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கயிற்றை இழுத்ததும் ஆற்றைத் தாண்டிப் போகிற குண்டுக்கு ‘முதல் குண்டு’ என்று பெயர். அதன் வயிற்றில் புது அமைச்சரின் பெயரை வெள்ளை எனாமலில் எழுதுவதுதான் பெயின்டரின் உத்தியோகம். பதினெட்டு வருஷத்தில் பதினொரு பெயர் எழுதியிருக்கிறார். வளைந்த இரும்பில் நேர்கோடு பிடித்து எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. வெடித்துச் சிதறப் போகிற பொருளுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டாள். “பந்தி முடிஞ்சா தூக்கி எறியத்தான் போறோம், அதுக்காக கிழிஞ்ச இலையிலயா பரிமாறுவாங்க?” என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அமைச்சகத்தின் தாழ்வாரத்தில் தொங்குகிற பெயர்ப்பலகையும் இவர் கைவண்ணம்தான். அதைப் படித்தால் அந்தப் பதவியின் வரலாறு முழுக்கத் தெரிந்துவிடும். முதல் அமைச்சர் பொறுப்பேற்றபோது நாட்டில் படையே கிடையாது. அமைச்சர் வந்துவிட்டால் படை தானாக வரும் என்றார்கள். வந்தது, வந்து அவரைச் சுட்டது. சுட்டவர்தான் இரண்டாமவர். அவரைச் சுட்டது யார் என்று விசாரித்த கமிட்டியின் தலைவர் மூன்றாமவர். பதவியே கைக்கு வந்துவிட்ட பிறகு விசாரணையை நீட்டி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். நாலாமவரிலிருந்து எட்டாமவர் வரை ஒரே வாரம். பலகையில் இடம் போதாததால் அந்த ஐந்து பேருக்கும் பொடி எழுத்துதான்.

ஒன்பதாமவர் காலத்தில்தான் இந்தச் சடங்கு பிறந்தது. ஆற்றங்கரையில் ஒரு புதுப் பீரங்கியைத் திறந்துவைக்கப் போனார். ரிப்பன் கட்டியிருந்தது, கத்தரிக்கோலைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். “இதுக்கு எதுக்குய்யா கத்தரிக்கோல்?” என்று ரிப்பனைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். ரிப்பன் கட்டிய மகாராசன் வேறு இடம் அகப்படாமல் அதன் நுனியைப் பீரங்கியின் வெடிகயிற்றில் முடிந்து வைத்திருந்தான். குண்டு பறந்துபோய் அக்கரைப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஏழு பேரைத் துண்டு துண்டாக்கியது. பத்திரிகைக்காரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். கைதவறிவிட்டது என்று சொன்னால் பதவி போய்விடும். அதனால் அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நம் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு” என்றார். கைதட்டல் ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் தன் பொறுமைக்கும் எல்லை உண்டு என்று காட்டியாக வேண்டியதாகிவிட்டது.

அக்கரைக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? பதிலுக்கு அவர்களும் ஒன்று அனுப்புவார்கள். அவர்களிடம் இருப்பது அரதப்பழசான பீரங்கி. அதன் குண்டு எட்டுகிற இடம் இக்கரையில் ஒன்றே ஒன்றுதான், நாலாம் காவல்மேடு. ஆகவே ஒவ்வொரு புது அமைச்சருக்கும் அக்கரைப் படித்துறையில் நாலைந்து பேரும், நாலாம் காவல்மேட்டில் இரண்டு மூன்று பேரும் செத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் அதற்கு ‘தக்க பதிலடி’ என்று பெயர் வைத்திருந்தன.

பெயின்டர் இதையெல்லாம் பதினெட்டு வருஷமாகப் பார்த்தவர்தான். ஒருநாளும் சோறு இறங்காமல் போனதில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியாக விழுந்ததா என்பதோடு அவர் கவலை தீர்ந்துவிடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? மூன்று வாரத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகனை நாலாம் காவல்மேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நேற்று இருபத்துநாலாவது அமைச்சர் பதவியேற்றார்.

காலை ஏழரைக்கு ஆற்றங்கரைக் கூடாரத்தில் பெயின்டர் தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினார். அது நாலாம் காவல்மேட்டுக்கு மட்டும் போகிற தொலைபேசி. பதிலடி எங்கே விழுந்தது என்று, அங்கே மிச்சமிருப்பவர் சொல்வதற்காகப் போட்டது.

“என்னப்பா, எட்டு மணிக்கா?” என்றான் மகன்.

“ஆமாண்டா. உனக்கு லீவு என்னிக்கு?”

“இன்னிக்குத்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லியாச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அஞ்சு வரைக்கும் நீங்க எப்படியாவது பார்த்துக்குங்கப்பா.”

பெயின்டர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினார். குண்டு மேசைமேல் தயாராகக் கிடந்தது. நேற்றே எழுதிக் காய்ந்துவிட்ட பெயர். கூடாரத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து டப்பாவைத் திறந்தார்; எழுத்தின்மேல் கொழகொழவென்று இன்னொரு பூச்சு பூசிவிட்டார்.

நாற்பத்தோராம் விதி என்று ஒன்று உண்டு. பதினாலாம் அமைச்சர் ஈரக் குண்டைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டபோது அவர் பெயர் அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே தலைகீழாக ஒட்டிக்கொண்டது. அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அன்றிலிருந்து பெயின்ட் காயாத குண்டைச் சுடக்கூடாது. எனாமல் காய நாலு மணி நேரம் ஆகும்.

அமைச்சகத்தின் செயலாளர் வந்து மோதிர விரலால் தொட்டுப் பார்த்தார். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். இவர் வந்ததையும் யாரும் பார்த்ததில்லை, போவதையும் யாரும் பார்க்கப் போவதில்லை. விரலைப் பார்த்தார். வெள்ளை.

“என்னய்யா இது?”

“பனியில மங்கிப்போச்சு சார். அமைச்சர் பேர் மங்கலா போனா நல்லாவா இருக்கும்?”

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னிரண்டு மணி” என்று குறித்துக்கொண்டார்.

இருபத்துநாலாவது அமைச்சருக்கு ‘மீசை’ என்று பட்டப்பெயர். நாலு மணி நேரம் கிடைத்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. மேடையேறி நாலு மணி நேரமும் பேசினார்.

“நான் போரை வெறுப்பவன்! எவ்வளவு வெறுக்கிறேன் என்றால், என் குடும்பத்தில் ஒருவரைக்கூட நான் படைக்கு அனுப்பியதில்லை! ஆனால் உங்கள் பிள்ளைகளின் வீரத்துக்கு நடுவே நான் குறுக்கே நிற்க மாட்டேன். கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை போராடுவோம். முதல் சொட்டு உங்களுடையது. கடைசிச் சொட்டு என்னுடையது. அது வரைக்கும் போகாது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு!”

வெயில் ஏறிக்கொண்டே போனது. மரியாதை அணிவகுப்பில் இருபத்தொரு சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியைப் பிடித்தபடி காலையிலிருந்து நின்றார்கள். பன்னிரண்டு மணிக்குச் செயலாளர் குண்டைத் தொட்டார், காய்ந்திருந்தது. சுடுவதற்கு முன்னால் மரியாதை வெடி. “சுடு!” என்றார் மேஜர். இருபது குண்டு வானத்துக்குப் போயிற்று. கடைசியில் நின்ற சிப்பாய் அந்த நொடியில்தான் மயங்கிச் சரிந்தான். அவனுடைய குண்டு மீசையின் இடது பாதி வழியாக நுழைந்து பின்மண்டையை எடுத்துக்கொண்டு மேடைத் துணியில் போய் அப்பியது.

பெயின்டர் முதல் வரிசையில்தான் நின்றார். சட்டையில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே அவர் நினைத்தது ஒன்றுதான். புது அமைச்சர், புதுப் பெயர், புதுப் பூச்சு. இன்னும் நாலு மணி நேரம். நினைத்த பிறகுதான் செத்தவருக்காக வருத்தப்பட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. வருத்தப்படப் பார்த்தார், வரவில்லை.

செயலாளர் நோட்டில் “12.04, பதவி காலி” என்று எழுதினார். “12.11, நிரம்பியது” என்பது அடுத்த வரி.

இருபத்தைந்தாவது அமைச்சர் அதிபரின் மருமகன். ஊரே ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடும். மாமனார் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்தவரைப் பாதியில் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது; எதைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்.

பெயின்டர் இந்தத் தடவை மூன்று பூச்சு கனமாகக் கொடுத்தார். அப்படியும் நாலேகாலுக்குக் காய்ந்துவிடும் போலிருந்தது. முக்கால் மணி நேரம் இடிக்கிறதே என்று குண்டுமேல் யாருக்கும் தெரியாமல் எச்சில் துப்பிப் பார்த்தார். எனாமல் எச்சிலுக்கெல்லாம் மசியுமா?

மாப்பிள்ளை ஆயுதக் கிடங்கைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். மேஜர் கூடவே போனார்.

“இது என்ன?”

“பயனெட் சார். துப்பாக்கி முனையில மாட்டிக் குத்துறது.”

“அடடே. இது?”

“கண்ணிவெடி சார். தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க.”

“அப்ப இது?”

மேஜர் திரும்பிப் பார்ப்பதற்குள் மாப்பிள்ளை கையெறி குண்டிலிருந்து வளையத்தை உருவிவிட்டார். நல்ல இடத்துப் பிள்ளை அல்லவா, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கம். “இந்தாங்க, கழண்டு வந்துடுச்சு” என்று வளையத்தை மேஜர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, மீதியைத் தானே வைத்துக்கொண்டார். மேஜர் சாக்கடையில் பாய்ந்து பிழைத்தார். மாப்பிள்ளையும் இரண்டு புகைப்படக்காரர்களும் கிடங்கின் மூன்று சுவரிலும் இருந்தார்கள்.

மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். வெடிச் சத்தம் கேட்டுக் கூடாரத்துக்குள் தரையில் படுத்த பெயின்டர், விஷயம் தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். பதினெட்டு வருஷமாக அந்த அமைச்சகத்தில் இருந்தும் மனுஷ உயிரை இவ்வளவு மலிவாக அவர் நினைத்தது அன்றுதான். அது அவருக்கே உறைத்தது. உறைத்தாலும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அதற்குப் பிறகு அமைச்சராக ஆள் கிடைக்கவில்லை. செயலாளர் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்கு நெஞ்சுவலி, ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவர் தான் ஏற்கெனவே இறந்துவிட்டதாகத் தானே தொலைபேசியில் சொன்னார்.

“அரை மணி நேரத்துக்கு மேல பதவி காலியா இருக்கக்கூடாது” என்றார் செயலாளர், முகம் வெளுத்து. “விதி அப்படி. இல்லேன்னா போன மாப்பிள்ளைதான் தொடர்ந்து பதவியில இருக்கிறதா அர்த்தம். அவர் பேர் எழுதின குண்டும் அதுக்குள்ள காஞ்சுடும். மேஜர், அவர் கையைத் தேடி எடுத்துட்டு வாங்க. கயித்துல கட்டி இழுத்துடலாம். இழுக்கிறது கைதான், தலை அவசியம்னு எங்கேயும் எழுதலை.”

மேஜர் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மணி நாலு பத்து. பெயின்டர் கணக்குப் போட்டார். இன்னும் ஐம்பது நிமிஷம். இன்னொரு அமைச்சர் வந்தால் போதும், இன்னொரு பூச்சு.

“சார், அமைச்சராக என்ன தகுதி வேணும்?” என்றார்.

“குடிமகனா இருக்கணும், முப்பது வயசு முடிஞ்சிருக்கணும், மேல கேஸ் இருக்கக்கூடாது.” செயலாளர் விதிப்புத்தகத்தை மூடினார். “மூணாவது இருக்கிறதாலதான் இவ்வளவு கஷ்டம்.”

“எனக்கு அம்பத்திரண்டு. கேஸ் எதுவும் இல்லை.”

செயலாளர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முட்டியில் பெயின்ட், சட்டையில் மீசையின் ரத்தம். பிறகு பேனாவை நீட்டினார். ஓணான் வேலியோடுதான் போய்க்கொண்டிருந்தது. பெயின்டர் தானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் செயலாளர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். “வாழ்த்துகள் ஐயா. இனிமே தொண்ணூத்திரண்டாம் விதி உங்களுக்குப் பொருந்தும். அமைச்சரோட ரத்த உறவு யாராவது முன்னணியில இருந்தா, முதல் குண்டும் பதிலடியும் முடியற வரைக்கும் அங்கேயேதான் இருக்கணும். லீவு கிடையாது. பதினோராமவர் மகனைத் தூதரகத்துக்கு அனுப்பிட்டார்னு பேச்சு வந்துச்சு, அதுக்கப்புறம் போட்டது. உங்க மகன் நாலாம் மேட்டுலதானே? ஆர்டர் போயாச்சு.”

பெயின்டர் தன் கையெழுத்தைத் திரும்பப் பார்த்தார். ஐம்பது நிமிஷத்தில் வண்டி ஏறப்போன பிள்ளையைத் தன் கையெழுத்தாலேயே மேட்டில் கட்டிப் போட்டுவிட்டார்.

“அப்ப ராஜினாமா பண்றேன்.”

“ராஜினாமாவை அமைச்சர்தான் ஏத்துக்கணும் ஐயா. ஆனா சொந்த ராஜினாமாவை அமைச்சரே பரிசீலிக்கக்கூடாது.”

பெயின்டர் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் பெயரைத் துணியால் அழித்திருந்தார்கள்; வெறும் இரும்பு பளபளத்தது. சட்டென்று அவருக்கு ஒன்று தோன்றியது. மெதுவாகப் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டார், டப்பாவை மூடினார், மூடிமேல் உட்கார்ந்துகொண்டார்.

“பேர் எழுதாத குண்டைச் சுடலாமா சார்?”

“கூடாது ஐயா. நாற்பதாம் விதி.”

“எழுதற ஆள் யாரு?”

“அமைச்சகத்துக்கு ஒரே பெயின்டர்தான். அதாவது தாங்கள்…” செயலாளர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

“நான் எழுதமாட்டேன்” என்றார் பெயின்டர். “இன்னிக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. குண்டும் போகாது, பதிலடியும் வராது. உங்க விதிதான்யா.”

இருபத்தைந்து அமைச்சர்களால் முடியாததை ஒரு எனாமல் டப்பாமேல் உட்கார்ந்தே சாதித்துவிட்டார். மேஜர் வாளியைக் கீழே வைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் சிரித்தார். பெயின்டர் தொலைபேசியைச் சுற்றி மகனைக் கூப்பிட்டார்.

“டேய், நான் சுடப்போறதில்லடா.”

“நீங்களாப்பா இப்ப அமைச்சர்? இப்பத்தான் ஆர்டர் வந்துச்சு. பசங்க எல்லாரும் எனக்கு சல்யூட் அடிக்கிறாங்க.” அவன் சிரிப்பது நன்றாகக் கேட்டது. “லீவு போனா போகட்டும்பா. உயிரோட இருந்தா நாளைக்கு வந்துக்கலாம். அம்மாவை மட்டும் சமாதானம் பண்ணுங்க.”

“பண்றேன்டா, பண்றேன்.”

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. பதிலடி என்றால் நாம் அடித்தால்தான் வரும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அக்கரையிலும் ஒரு அமைச்சகம் உண்டு, அங்கேயும் ஒரு செயலாளர் உண்டு. இக்கரையில் புது அமைச்சர் என்ற செய்தி கிடைத்ததுமே அன்றைய நோட்டில் “பதிலடி” என்று எழுதியாகிவிட்டது. காலையிலிருந்து அவர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு வருகிற வழியாக இல்லை. எழுதிய வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போகவும் முடியாது. அங்கேயும் ஆபீஸ் ஐந்து மணிக்குத்தான் முடியும்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பதிலடி வந்தது.

முதலில் தலைக்குமேல் துணி கிழிகிற சத்தம். பிறகு நாலாம் காவல்மேடு எழும்பி நின்றது. மண்மூட்டைகளும் பலகைகளும் ஒரு பூட்ஸும், பூட்ஸுக்குள் இருந்த காலும் மேலே போய், ஆற அமர ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கொடிக்கம்பத்தில் யாருடைய குடலோ சுற்றிக்கொண்டு தொங்கியது. புகை அடங்கவில்லை. பெயின்டர் தொலைபேசியைச் சுற்றினார், பதில் இல்லை. மறுபடி சுற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

“பார்த்தீங்களா ஐயா,” என்றார் செயலாளர் அடக்கமாக, “நாம ஒண்ணுமே பண்ணலை. எந்தக் காரணமும் இல்லாம அடிக்கிறான்.”

பெயின்டர் அலறிக்கொண்டு ஓடினார். நாலு பேர் தூக்குகிற குண்டை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிப் பீரங்கி வாயில் திணித்தார். மேஜர் குறுக்கே வந்தார். “சார், வேண்டாம் சார், என்ன ஆச்சுன்னு முதல்ல ஆள் அனுப்பிப் பார்ப்போம்” என்றவரை ஒரே தள்ளாகத் தள்ளினார். மேஜரின் தலை சக்கரத்தில் மோதிப் பிளந்தது.

“ஐயா, பேர்…” என்றார் செயலாளர்.

“அப்புறம் எழுதிக்கலாம்யா!”

செயலாளர் அதை அமைச்சரின் முதல் உத்தரவாகக் குறித்துக்கொண்டார். பேச்சு இல்லை, படம் இல்லை. பெயின்டர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அக்கரைப் படித்துறையில், நாள் முழுக்கப் பயந்து வீட்டுக்குள் கிடந்துவிட்டு, இன்றைக்கு முடிந்தது என்று நம்பித் துணிமூட்டையோடு இறங்கியிருந்த பெண்களை அவர் அப்போதுதான் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தார். கல்மேல் குனிந்திருந்த ஐந்து முதுகுகள். அடுத்த நொடி படித்துறையும் இல்லை, முதுகுகளும் இல்லை. தண்ணீர் சிவப்பாகக் கரைக்கு அடித்தது.

அவருக்கு நெஞ்சு நடுங்கவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

“இன்னொண்ணு எடு!” என்றார்.

இரண்டாவது குண்டு என்பது அந்தப் பதவியின் வரலாற்றிலேயே இல்லாத ஒன்று. சிப்பாய்கள் செயலாளரைப் பார்த்தார்கள். “கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே” என்றார் அவர். பீரங்கிக் குண்டுக்கென்று இருந்த தனிக் கிடங்கில் நாற்பது குண்டு இருந்தது. பெயின்டர் திணித்தார், இழுத்தார், திணித்தார், இழுத்தார். அக்கரைக்காரர்களும் வீட்டுக்குப் போன ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பழைய பீரங்கிக்கு எட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

நாலாவது குண்டுக்குப் பிறகு கூடாரத்தில் தொலைபேசி அடித்தது. சுற்றத்தான் கைப்பிடி இல்லையே தவிர, வருகிற அழைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. பெயின்டரின் காது அடைத்துப்போயிருந்தது. செயலாளர் எடுத்தார்.

“சார், அமைச்சரோட மகன் பேசறேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, குழிக்குள்ள இருக்கேன். கூட ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தனுக்கு ரத்தம் நிக்கமாட்டேங்குது. அப்பாவை நிறுத்தச் சொல்லுங்க சார். அவர் சுடச்சுட இங்கதான் வந்து விழுது!”

“அமைச்சர் வேலையா இருக்கார் தம்பி” என்றார் செயலாளர். “விஷயத்தை நிதானமா சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

அவன் மறுபடி சொன்னான். செயலாளர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். நேரத்தைப் போட்டார், ‘அமைச்சரின் பார்வைக்கு’ என்று மேலே எழுதினார், கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். அமைச்சர் ஓய்வானதும் காட்டுவதற்காக மேசைமேல் நேராக வைத்தார்.

வெளியே பெயின்டர், “என் பிள்ளைடா! என் ஒரே பிள்ளைடா!” என்று கத்தியபடி அடுத்த குண்டைத் தூக்கினார். ஏழாவது குண்டுக்கும் எட்டாவது குண்டுக்கும் நடுவில் தொலைபேசி இன்னொருமுறை அடித்தது. செயலாளர் கோப்பைப் பிரித்து வரிசை எண் இரண்டு என்று போட்டு எழுதிக்கொண்டார்.

பதினோராவது குண்டுக்குப் பிறகு அது அடிக்கவில்லை. கிடங்கில் இன்னும் முப்பது இருந்தது.